நம்பிக்கை, வகை 405

ஜேர்மனியில் கோதுமை மா வாங்கப் போகிறவர் எழுத்துக்கு முன் எண் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பையின் முகத்தில் 405, 550, 1050 என்று அச்சிட்டிருக்கும். வந்த புதிதில் நான் அதைக் கலோரிக் கணக்கு என்று நினைத்தேன். என் சகலன் அது மா ஆலையின் கதவிலக்கம் என்று இருபது வருடம் நம்பியிருந்தார். உண்மையில் அது சாம்பல் கணக்கு. நூறு கிராம் மாவை 900 பாகைச் சூட்டில் எரித்தால் எத்தனை மில்லிகிராம் கனிமம் சாம்பலாக மிஞ்சுகிறதோ, ஏறத்தாழ அதுவே அந்த மாவின் பெயர். 405 நல்ல வெள்ளை. றோல்ஸ் தோலுக்கு உகந்தது. 1050 தவிட்டுப் பக்கம் சாய்ந்தது. பாணுக்கு ஆகும், பணியாரத்துக்கு ஆகாது. ஒரு பொருளை அது முழுசாக இருக்கும்போது பார்த்து வகுப்பது உலக வழக்கு. எரித்துவிட்டு மிச்சத்தை நிறுத்து வகுப்பது ஜேர்மன் வழக்கு. இந்நூல் ஜேர்மன் வழக்கைப் பின்பற்றுகிறது.

நூல் எழக் காரணம் ஒரு கேள்வி. சென்ற கார்த்திகையில் எங்கள் பக்கத்து மண்டபம் ஒன்றில், வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. ஜேர்மனியின் பொருளாதாரம் 2023 இலும் சுருங்கியது, 2024 இலும் சுருங்கியது, ஆகவே மனம் சுருங்கக் கூடாது என்பது பேச வந்த இளைஞரின் கட்சி. நல்ல குரல், நல்ல கோட். ஒரு மணித்தியாலத்தில் "நேர்மறையாக இருங்கள்" என்று பதினேழு தடவை சொன்னார். நான் எண்ணினேன், வேறு வேலை இருக்கவில்லை. முடிவில் கேள்வி உண்டா என்றார். மச்சாள், அதாவது என் மனைவியின் தமக்கை, எழும்பினார்.

"தம்பி, நீங்கள் சொல்லுறது சரி. ஆனா எவ்வளவு இருக்கவேணும்?"

மண்டபம் சிரித்தது. இளைஞரும் சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை. ஒரு கிலோ மாவுக்கு எத்தனை றோல்ஸ் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று மூன்றையும் ஒரே குரலில்தான் கேட்டார். இந்தக் கேள்விக்கு முன்னோர் எவரும் விடை எழுதி வைக்காமையால், நானே எழுதத் துணிந்தேன். எனக்கு இதற்கான தகுதி, கடந்த பதினாறு வருடமாக அந்த வீட்டு அடுப்படியில் உடைந்த றோல்ஸ் தின்றது மட்டுமே.

நிலமும் பொழுதும்

வீட்டுத் தொழில் வீட்டில் நடப்பது என்றால் போதாது. எந்த அறையில் என்று கேட்க வேண்டும். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று நம் இலக்கணம் கொண்டிருப்பதால், நிலத்தை அறைவாரியாகப் பிரிக்கிறேன்.

அடுப்படி நிலத்துக்கு உரியவை றோல்ஸ், பற்றிஸ், பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், வறுத்து இடித்த மிளகாய்த்தூள். இங்கே வாசம்தான் விளம்பரம். வாசம்தான் மேல்மாடிக்காரரின் முறைப்பாடும். வரவேற்பறை தையலுக்கு உரியது: சோபாவின் முதுகில் சாறிச் சட்டைகள் வரிசையாக இருக்கும், விருந்தாளிக்கு இடம் இருக்காது. குளியலறை புருவம் திருத்துவதற்கும் மணப்பெண் அலங்காரத்துக்கும். இந்நிலத்தில் ஒரு நுட்பம் உண்டு. தலைமயிர் வெட்டும் தொழிலை நடத்த ஜேர்மனியில் மைஸ்டர் என்ற கைவினைத் தேர்ச்சிப் பட்டம் வேண்டும். முகத்தை அலங்கரிக்க வேண்டாம். எனவே கத்தரிக்கோல் நெற்றிக்குக் கீழே நின்றால் தொழில், மேலே ஏறினால் குற்றம். கேக் செய்வோரும் இந்த எல்லையில்தான் வாழ்கிறார்கள். கொண்டிற்றோர் எனப்படும் கேக் கைவினை மைஸ்டர் பட்டியலில் இருக்கிறது. சட்டை தைப்பது 2004 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்ட 53 தொழில்களுள் ஒன்று. மூன்று தட்டுக் கேக்குக்குப் பட்டம் வேண்டும், மூன்று முழச் சட்டைக்கு வேண்டாம். ஏன் என்று நூலாசிரியரைக் கேட்க வேண்டாம்.

எஞ்சியது கெல்லர். அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தின் கீழ் ஒரு கம்பிக்கூடு உண்டு. ஜேர்மானியர் அதில் சைக்கிளும் உருளைக்கிழங்கும் வைப்பார்கள். நம்மவர் மணவறைத் தூண்கள், ஆளுயரக் குத்துவிளக்கு, சாமத்தியவீட்டு ஊஞ்சல் என்று வைத்திருப்பார்கள். மின்கணக்கு எழுத வந்த ஒருவர் இருட்டில் பிளாஸ்டிக் யானையின் தும்பிக்கையைத் தொட்டு அலறியது எங்கள் கட்டடத்தில் நடந்தது.

பொழுது இருவகை. பெரும்பொழுதுள் கோடை மண்டபக் காலம்: கலியாணம், பூப்புனித நீராட்டு, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாளின் தேர். தொழிற்சாலைகளுக்கு நடுவே அந்தக் கோயில் எழுந்து குடமுழுக்குக் கண்டது 2002 ஆடியில். தேரன்று ஆயிரக்கணக்கில் சனம் வரும், சனம் வந்தால் பசி வரும். பனிக்காலம் இருப்புக் காலம். சிறுபொழுதில் விதி ஒன்றே: இரவு 10 மணிக்குப் பிறகும் ஞாயிறு முழுவதும் சத்தம் ஆகாது. மெசின் நிற்கும், கிரைண்டர் நிற்கும். மா குழைப்பதற்குச் சத்தம் இல்லை. ஆகவே ஜேர்மன் நாட்டில் விடியற்காலை றோல்ஸுக்கே உரியது என்க.

வாய்

இனி நம்பிக்கையை எரிப்போம்.

எங்கும் மலிந்து கிடப்பது வாய் நம்பிக்கை. அதன் மூலமந்திரம் "எல்லாம் சரிவரும்". உட்பிரிவுகள் பல: காலை ஆறு மணிக்குச் சூரியன் படத்தோடு கைத்தொலைபேசிக்கு வருவது, கோட் போட்டு மேடையில் வருவது, தொழிலே செய்யாத உறவினரிடமிருந்து வருவது. எரித்தால் மிஞ்சும் சாம்பல் 0. வகை 0 மாவால் எதுவும் சுட முடியாது.

இதற்கு ஒரு புறனடை எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடையாது. என் சகலன் வாய் நம்பிக்கையின் பேராசிரியர். எந்த நெருக்கடியிலும் "எல்லாம் சரிவரும், யோசியாதை" என்பார். ஆனால் அவர் அதைச் சொல்வது, 25 கிலோ மா மூட்டையைத் தோளில் வைத்துக் கெல்லரிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறும்போது. லிப்ட் இல்லை. சுமையோடு சொல்லப்படும் வாய் நம்பிக்கைக்குச் சாம்பல் உண்டு என்று கொள்க.

வாய்க்குப் பக்கத்து வீட்டில் இருப்பது எண் நம்பிக்கை. மியூனிக் நகரத்து ஐஃபோ நிறுவனம் மாதந்தோறும் ஏறத்தாழ 9,000 கம்பனிகளைக் கேட்டு, இப்போது வியாபாரம் எப்படி, அடுத்த ஆறு மாதம் எப்படியிருக்கும் என்ற இரண்டு விடைகளையும் பெருக்கி மூலம் எடுத்து, தசமத்தோடு ஒரு சுட்டெண் வெளியிடுகிறது. ஒரு தேசத்தின் மனநிலை தசமப் புள்ளியில் இறங்கினால் மாலைச் செய்தியில் சொல்வார்கள். அந்த மாதம் மச்சாளின் சுட்டெண் என்ன என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் "பற்றிஸ் பரவாயில்லை, வடை சரியில்லை" என்று துறைவாரியாகவே சொல்லியிருப்பார்.

கடிதம்

இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. நம்பிக்கையைச் சட்டத்தில் எழுதி வைத்த நாடு இது என்பதைப் பலர் அறியார்.

ஒருவர் நகரசபைக்குப் போய்ச் சில பத்து யூரோ கட்டித் தொழிலைப் பதிகிறார். அடுத்து வரிக்கந்தோரின் வினாத்தாளை நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, வங்கி எல்லாம் சுகமாகப் போகும். பிறகு ஒரு பெட்டி: இந்த ஆண்டு எதிர்பார்க்கும் இலாபம் எவ்வளவு? பக்கத்தில் இன்னொரு பெட்டி: அடுத்த ஆண்டு எவ்வளவு? கவனியுங்கள், மண்டபமே சிரித்த கேள்வியை வரிக்கந்தோர் சிரிக்காமல் கேட்கிறது. மச்சாளின் கேள்வியை மதித்த ஒரே நிறுவனம் அதுதான்.

அந்தப் பெட்டியில் தாராளமாக எழுதினால் என்ன ஆகும்? அரசு உங்களை நம்பிவிடும். நம்பி, இன்னும் வராத இலாபத்துக்கு முற்பணமாக வரி விதிக்கும். பங்குனி 10, ஆனி 10, புரட்டாதி 10, மார்கழி 10 என்று வருடத்துக்கு நான்கு தவணை. நம்பிக்கைக்கு முன்கூட்டியே வரி வாங்கும் அரசு வேறெங்கும் உண்டோ, யான் அறியேன். சரி, பயந்து குறைத்து எழுதலாம் என்றால் அதற்கும் ஒரு கிடங்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்காக நட்டமே காட்டினால், உங்களுக்கு "இலாபம் ஈட்டும் நோக்கம்" உண்டா என்று கேட்பார்கள். ஜேர்மன் மொழியில் அது ஒரே சொல், சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அந்த நோக்கம் இல்லையென்று முடிவு செய்தால், நீங்கள் செய்வது தொழில் அல்ல, லீப்ஹாபரை. பிரித்துப் பொருள் கொண்டால் அன்பால் செய்வது, ஆசைக்குச் செய்வது. அன்பால் செய்த நட்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது.

ஆக, சட்டத்தின் கண்ணில் தொழிலாளிக்கும் பொழுதுபோக்காளருக்கும் வேறுபாடு வருமானமன்று; நோக்கம். நட்டத்தில் இருக்கலாம், நம்பிக்கையில்லாமல் இருக்கக் கூடாது. கோட் போட்ட இளைஞர் இதைச் சொல்லியிருந்தால் நான் எழுந்து கைதட்டியிருப்பேன்.

அரசு தன் பங்குக்கும் நம்பிக்கை விதைத்துப் பார்த்தது. 2003 இல் வேலையற்றோர் தனித்தொழில் தொடங்க ஒரு திட்டம் வந்தது: முதலாண்டு மாதம் 600 யூரோ, இரண்டாமாண்டு 360, மூன்றாமாண்டு 240. அதன் பெயர் இஷ் ஆகே. "நான் வரையறுத்த பங்குக் கம்பனி" என்று தமிழாக்கலாம். ஒரு மனிதனே கம்பனி, அவனே பங்குதாரன், அவனே தேநீர் போடும் பையன். அந்தச் சொல்லை 2002 ஆம் ஆண்டின் அவலச் சொல்லாக ஒரு மொழியியல் நடுவர் குழு தேர்ந்தெடுத்தது. திட்டம் 2006 நடுப்பகுதியில் முடிந்தது. பிறகு 2020 வசந்தத்தில் கொரோனா உடனுதவி: ஐந்து பேர்வரை வேலை செய்யும் நிறுவனத்துக்கு, மூன்று மாதச் செலவுக்கென்று 9,000 யூரோவரை. பணம் வந்தது விரைவு. பின்னர் மிச்சத்தைத் திருப்பித் தரும்படி கடிதம் வந்ததும் விரைவு. எங்கள் நோட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தில் அந்தக் கடிதங்கள் நீதிமன்றம் போய், 2023 பங்குனியில் மியூன்ஸ்டர் மேல் நிர்வாக நீதிமன்றம் அவை சட்டப்படி சரியல்ல என்றது. கடித நம்பிக்கையை எரித்தால் கிடைப்பது காகிதச் சாம்பல். நிறை கொஞ்சம் உண்டு, ஓர்ட்னர் கோப்பு ஒன்று நிரம்பும்.

ஒரு சலுகையையும் சொல்லாமல் விடுவது நன்றிகேடு. விற்பனை வரியே அறவிடாமல் தொழில் நடத்தும் சிறு முனைவோர் எல்லை 2025 முதல் உயர்ந்திருக்கிறது: முந்தைய ஆண்டு விற்பனை 25,000 யூரோவைத் தாண்டாமலும், நடப்பாண்டு விற்பனை 100,000 யூரோவைத் தாண்டாமலும் இருந்தால் போதும். இரண்டாவது எண்ணை வாசித்துக் காட்டியபோது மச்சாள் கேட்டார்: "ஒரு லட்சத்துக்கு எத்தனை றோல்ஸ்?" இம்முறை அவரே சிரித்தார்.

புணர்ச்சி

நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது சில இடத்தில் மாற்றம் இல்லை, அது இயல்பு. மாற்றம் வந்தால் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். நன்னூல் படித்த எவருக்கும் தெரிந்தது. வீட்டுத் தொழில் நிலைமொழி, கெட்ட காலம் வருமொழி என்று வைத்துப் பாருங்கள். இலக்கணம் எழுத்துப் பிசகாமல் பொருந்தும்.

தோன்றலுக்கு எடுத்துக்காட்டு மெலிட்டா பென்ட்ஸ். 1908 இல் ட்ரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி. கோப்பி மண்டி பல்லில் படுவது பிடிக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, மகனின் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்த மையொற்றுத் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். கொப்பியால் கோப்பி வடித்தவர் என்ற பெருமை தமிழில் மட்டுமே அவருக்குச் சரியாகப் பொருந்தும். ஆனி 20 அன்று பெர்லினில் உரிமைப் பதிவு, மார்கழி 15 அன்று கம்பனி. மூலதனம் எழுபத்துச் சொச்சம் பெனிக். ஒரு மார்க் கூட இல்லை. இடம் குடியிருந்த வீடு, ஊழியர் கணவரும் பிள்ளைகளும்.

அவரே திரிதலுக்கும் எடுத்துக்காட்டு என்பது என் கண்டுபிடிப்பு. முதலாம் உலகப் போர் வந்தது. கணவர் படைக்குப் போனார். கடல் மறிக்கப்பட்டுக் கோப்பிக்கொட்டை வரவில்லை, தாளுக்குப் பங்கீடு. வடிக்கக் கோப்பியும் இல்லை, வடிகட்டத் தாளும் இல்லை. அந்த அம்மா மட்டைப் பெட்டி செய்து விற்றார். போர் முடிந்தபின் மறுபடி வடிகட்டி. 1929 இல் தொழில் எங்கள் மாநிலத்து மின்டன் நகருக்கு வந்தது, இன்றும் அங்கேதான். கம்பனி வரலாறு எழுதுவோர் வடிகட்டியைக் கொண்டாடுவார்கள். நான் மட்டைப் பெட்டியைக் கொண்டாடுகிறேன். வடிகட்டி அறிவுக்குச் சாட்சி. 1915 ஐ எரித்தபின் மிஞ்சிய சாம்பல் அந்தப் பெட்டிதான்.

கீங்கன் ஊரின் மார்கரெட்டே ஸ்டைஃப் இன்னொருவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் முடங்கின, வலக்கையும் பலவீனம். தையல் மெசினைத் திருப்பி வைத்து இடக்கையால் சில்லைச் சுழற்றினார் என்பார்கள். 1877 இல் கம்பளித் துணி உடைக்கடை. 1880 இல் ஊசி குத்தி வைக்க யானை வடிவில் ஒரு சிறு மெத்தை செய்தார். ஊசி வைத்திருந்தவர்களிடமிருந்து குழந்தைகள் யானையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் "அது ஊசிக்கு" என்று வாதாடவில்லை. 1886 ஆம் ஆண்டில் மட்டும் 5,000 யானைக்கு மேல் போனது. வாடிக்கையாளர் பொருளின் பெயரை மாற்றும்போது பேசாமல் இருப்பதும் திரிதலே.

ஊரே திரிந்ததும் உண்டு. சாக்சன் மாநிலத்துத் தாதுமலையில் ஸைஃபன் என்ற கிராமம் வெள்ளீயச் சுரங்கத்தால் வாழ்ந்தது. ஈயம் வற்றியபோது அவர்கள் கைக்கு எட்டிய மரத்தைப் பிடித்தார்கள். ஊசியிலை மரத்தில் ஒரு வளையத்தைக் கடைசல் பிடிப்பார்கள். பார்த்தால் கார்ச் சில்லு மாதிரி, ஒன்றும் விளங்காது. பிறகு கேக் வெட்டுவது போல் துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரை, அல்லது ஒரு மாடு. வெட்டும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு, குடும்பம் முழுவதும், பிள்ளைகள் உட்பட இருந்து சீவி நிறம் பூசிய பொம்மைகள் அவை. இதில் இனிப்பு மட்டும் இல்லை. கூலி மிகக் குறைவு.

அதனால் கெடுதலுக்கு வந்தாக வேண்டும், இங்கே நூலாசிரியர் விளையாட்டை நிறுத்துகிறார். 1844 ஆனியில் சிலேசியாவின் நெசவாளர்கள் கிளர்ந்தார்கள். அவர்களும் வீட்டுத் தொழிலாளர்களே; தறி வீட்டுக்குள் நின்றது, மனைவியும் பிள்ளைகளும் நூல் சுற்றினார்கள். ஆனால் நூலைக் கொடுப்பதும் துணியை எடுப்பதும் விலையைச் சொல்வதும் வியாபாரி. இங்கிலாந்தின் இயந்திரத் துணி சந்தையை நிறைக்க, அவன் விலையைக் குறைத்துக்கொண்டே போனான். சனம் வியாபாரிகளின் மாளிகைகளை உடைத்தது, படை வந்தது, சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். அவர்களிடம் போய் நேர்மறையாக இருங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனையும் சேர்த்துத்தான் உடைத்திருப்பார்கள், நியாயமாக. தன் பொருளின் விலையைத் தானே சொல்ல முடிந்தவருக்கு மட்டுமே இந்நூல் பொருந்தும். மற்றவருக்கு வேண்டியது நம்பிக்கை அல்ல, சங்கம், அல்லது சட்டம். ஜேர்மனியின் வீட்டுவேலையாளர் சட்டம் 1951 இல் வந்தது.

இதே காரணத்தால், "அக்கா, நூறு எடுக்கிறம், கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ" என்பவர்களை நான் லேசான ஆட்களாகக் கருதுவதில்லை.

அலகு

மச்சாளிடம் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு கிழமைக்கும் இரண்டு நிரல். ஒன்றின் தலைப்பு "வாங்கினது", மற்றது "சொன்னது". வாங்கினது என்பது அந்தக் கிழமை வாங்கிய மா, கிலோவில். சொன்னது என்பது மா வாங்கிய நாளில் கையில் இருந்த ஓடருக்குத் தேவையான மா. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது என்ன? யாரும் கேட்காமல், யாரோ கேட்பார்கள் என்று வாங்கி வைத்த மா. நம்பிக்கையின் அலகு கிலோ என்று நான் கண்டறிந்தது இப்படித்தான். இக்கண்டுபிடிப்புக்கு ஐஃபோ நிறுவனம் என்னைத் தொடர்புகொள்ளலாம்.

2020 பங்குனிப் பக்கத்தைப் பாருங்கள். பங்குனி 22 அன்று நாடு முழுதும் ஒன்றுகூடத் தடை. சித்திரையிலிருந்து ஆவணிவரை பிடித்த கலியாணங்கள் அத்தனையும் ஒரு கிழமையில் போயின. சொன்னது: 0. கெல்லரில் 25 கிலோ மூட்டை இரண்டு. கடைகளில் அப்போது மா இல்லை, ஈஸ்ட் இல்லை, கழிவறைத் தாள் இல்லை. ஹம்ஸ்டர் எலி கன்னத்தில் அடைப்பதுபோல் சனம் அடைத்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு மூதாட்டி கதவைத் தட்டி, ஆறடி தள்ளி நின்று, கொஞ்சம் மா தர முடியுமா என்றார். அவருடைய தாய் 1923 ஐக் கண்டவர். அந்தக் கார்த்திகையில் ஒரு டொலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. காசு எரிந்தால் சாம்பல் 0, மா எரிந்தால் 405 என்பதை அந்தக் குடும்பம் நம்மைவிட முதலே அறிந்திருந்தது. மச்சாள் இரண்டு கிலோ கொடுத்தார். காசு வாங்கவில்லை.

சித்திரைப் பக்கத்தில்தான் திரிதல் தெரிகிறது. நூறு நூறாகப் போன றோல்ஸ், ஆறு றோல்ஸும் ஒரு சம்பலும் கொண்ட தனிப் பொதியாயின. இரவு வேலைக்கு லாகர் கிடங்குகளுக்குப் போகும் பெடியள் வாசற்படியில் காசை வைத்துவிட்டு எடுத்துப் போனார்கள். வரவேற்பறைக்காரியான இன்னொரு அக்கா, மாநிலத்தில் சித்திரை 27 முதல் முகக்கவசம் கட்டாயம் என்றதும், சட்டை வெட்டிய மிச்சத் துணியில் கவசம் தைத்தார். அந்த வருடம் எங்கள் ஊர்க் கடைகளில் பட்டுக்கரைக் கவசம் போட்ட ஜேர்மன் பாட்டிமாரைக் கண்டவர்கள் உண்டு.

2022 வேறு மாதிரி. உக்ரைன் போரோடு சூரியகாந்தி எண்ணெய் தட்டுகளிலிருந்து மறைந்தது. ஆளுக்கு ஒரு போத்தல், இரண்டு போத்தல் என்று கடைகள் அளந்தன. மச்சாள் பிள்ளைகள் மூவரையும் கூட்டிப்போய் வரிசையில் தனித்தனியாக நிறுத்தினார், ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல. அந்த ஆண்டு விலைவாசி சராசரி 6.9 விழுக்காடு ஏறியது. 2023 பங்குனியில் உணவு விலை மட்டும் முந்தைய பங்குனியைவிட 20 விழுக்காட்டுக்கு மேல். அதே 2022 சித்திரையில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், கேட்காமல் கேட்டார். ஒரே அடுப்பில் இரண்டு நாட்டுக்கு நம்பிக்கை கொதிக்க வேண்டும்.

அப்போது மச்சாள் செய்த திரிதலை ட்ரெஸ்டன் அம்மையாரும் மெச்சியிருப்பார். பொரிக்காத றோல்ஸை உறைய வைத்துப் பெட்டியில் விற்றார். பொரிப்பது வாங்குகிறவர் வீட்டு எண்ணெயில். விலையையும் ஒன்றுக்கு 20 சதம் ஏற்றினார். "மச்சாள், வேலை குறைஞ்சு விலை கூடிச்சே?" என்று கேட்டேன். "தடைக்காலத்திலை இருந்தனீரோ?" என்று திருப்பிக் கேட்டார். நான் எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவன். யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத் தடையைக் கடிதத்தில் வாசித்தவன். அவர் அதில் வாழ்ந்தவர். ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சு, அதில் சில சொட்டு மண்ணெண்ணெய், அந்த வெளிச்சத்தில் படிப்பு. சைக்கிள் டைனமோவைச் சுற்றினால் றேடியோ பாடும். எத்தனை சொட்டு எண்ணெய்க்கு எத்தனை பக்கம் படிக்கலாம் என்று தெரிந்திருந்த பிள்ளைக்கு, "எவ்வளவு?" என்ற கேள்வி வேடிக்கையாக வந்ததல்ல. மண்டபத்தில் சிரித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கெடுதல் அவர் கொப்பியிலும் உண்டு. வடை 2024 இல் நின்றது. உளுந்து விலையும் வேலையும் ஒத்துவரவில்லை என்று ஒரு கோடு கிழித்து மூடினார். அழவில்லை, அறிவிப்பும் இல்லை. தொழிலையே மூட வேண்டி வந்தவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பதிவைத் தொடங்கக் காசு வாங்கும் நகரசபைகள் பல, பதிவை நீக்குவதற்குக் காசு வாங்குவதில்லை. அப்படி மூடிய ஒருவர் இப்போது, 2025 இல் மாதம் 556 யூரோ எல்லையாயிருந்த மினி ஜொப் ஒன்றில் இருக்கிறார். பணியாரம் சுடுவதைவிட நித்திரை கூட என்கிறார். அவருக்கு நம்பிக்கை குறைவென்று எவரும் சொல்ல இந்நூல் இடம் தராது.

விடை கேட்டவருக்கு விடை. இந்தக் கிழமை மூட்டை ஒன்று, வகை 405, 25 கிலோ. செவ்வாய் மாலைவரை வந்த ஓடர் 11 கிலோவுக்கு. ஆக 14. சகலன் மூட்டையை மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாம் சரிவரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கு றோல்ஸ் வேண்டியவர்கள் புதன் இரவு 10 மணிக்குள் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கையை எழுத்தில் அனுப்புங்கள். "கொஞ்சம் கூடப் போடுங்கோ" என்று குரலில் அனுப்பினால் மச்சாள் திரும்பக் கேட்பார், எவ்வளவு என்று.